ஒரு வீட்டு விறகுக் கணக்கு

சர்வதேச எரிசக்தி அமைப்பு ஒன்றில் லாவோஸ் உறுப்பினர் இல்லை. ஆனாலும் வருடம் தவறாமல் ஐரோப்பாவிலுள்ள அதன் தலைமையகத்திலிருந்து படிவம் வந்துவிடும். உறுப்பினரல்லாத நாடுகள் மேல் அவர்களுக்கு அவ்வளவு பாசம்! அதில் ‘விறகு’ என்ற கட்டத்தை நிரப்புவது தலைநகர் வியன்டியானில் அரசு அலுவலர் சோம்லித்தின் வேலை. நாட்டில் எத்தனை டன் விறகு எரிகிறதென்று யார் கண்டது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று, தன் வீட்டு அடுப்புக்குப் போகும் விறகை வருடத்தில் ஒரு வாரம் எடை போடுவார். அதை ஐம்பத்திரண்டு வாரத்தாலும் நாட்டிலுள்ள வீடுகளின் எண்ணிக்கையாலும் பெருக்குவார். நான்கு வருடமாக அந்த எண்தான் அமைப்பின் தடித்த புத்தகத்தில் அச்சாகி வந்தது.

இந்த வருடம் சரிபார்க்க அமைப்பிலிருந்து ஒதில் என்ற அம்மையார் நேரிலேயே வந்துவிட்டார்.

“கணக்கு பொய்னு தெரிஞ்சா புத்தகத்துலேர்ந்து நம்ம நாட்டையே எடுத்துடுவாங்களாம்யா. அப்புறம் உன்னை மலைக்காட்டு ஆபீசுக்குத் தூக்கி அடிச்சிருவேன்,” என்றார் சோம்லித்தின் இயக்குநர்.

“எடை போட்ட வீடுகளைப் பார்க்கலாமா?” என்று கேட்டார் ஒதில்.

வீடுகளாம்! சோம்லித் எடை போட்டதோ ஒரே வீட்டில்தான். வேறு வழியில்லாமல் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார்.

அடுப்படியில் ஒரு சுள்ளிகூட இல்லை. புத்தம்புது கேஸ் அடுப்பில் ஒட்டரிசிச் சோறு வெந்துகொண்டிருந்தது. அவர் கணக்குப்படி நாடு முழுவதும் ஒரே காலையில் கேஸுக்கு மாறிவிட்டது.

“இது எப்ப வந்துச்சு?” என்று பதறினார் சோம்லித்.

“இன்னிக்குக் காலையிலதான், நீங்க ஆபீஸ் போனதும்,” என்றாள் மனைவி லத்தனா.

“அடிப்பாவி, என் வயித்துல அடிச்சிட்டியே!”

“வருஷா வருஷம் ஒவ்வொரு கட்டையா எடை போட்டீங்களே, ஒரு கட்டையாச்சும் தூக்கிட்டு வந்திருக்கீங்களா? முதுகு ஒடிஞ்சது எனக்கு!”

ஒதில் பேனாவைத் திறந்தார். “என்ன சொல்றாங்க?”

‘அரசின் திட்டத்துக்குக் கிடைத்த வெற்றி’ என்று சோம்லித்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லத்தனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார், எடை போட்டது இந்த ஒரே வீட்டில்தான் என்பது உட்பட.

ஒதில் படிவத்தில் இருந்த விறகு எண்ணைக் கோடு போட்டு அடித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

“நாட்டை எடுக்க மாட்டோம், பயப்படாதீங்க. ஆயிரம் வீட்டுல புதுசா எடை போடுவோம், செலவு எங்களுது. விறகோட கஷ்டம் தெரிஞ்சவங்க முன்னால நின்னு நடத்தணும். உங்க மனைவி வருவாங்களா?”

சோம்லித் மொழிபெயர்த்தார்.

“வரேன்னு சொல்லுங்க,” என்றாள் லத்தனா. “ஆயிரம் வீட்டுக்கும் தராசு தூக்க என் வீட்டுக்காரர் இருக்காரு, அதையும் சொல்லுங்க.”

சோம்லித் அதையும் மொழிபெயர்த்தார்.