இருபதுக்குக் கீழே எட்டுக் கோடு

அந்த வியாழக்கிழமை பகல், ராஜபாளையத்துப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள் இவர்கள்: கனகலட்சுமி டீச்சர், பால்காரர் சுப்புராஜின் பேத்தி யோகேஸ்வரியையும் சேர்த்து இருபத்திரண்டு பிள்ளைகள், உயரமான டம்ளர் ஒன்றைக் கொடுக்க வந்து வாசலிலேயே நின்றுவிட்ட சத்துணவுச் சமையல்காரி சண்முகத்தாய். வேறு யாரும் இல்லை. சுப்புராஜும் அங்கே இல்லை. ஆனால் அந்த வகுப்பில் சொல்லப்பட்ட ஓர் எண், மணி இரண்டு ஆவதற்குள் அவருடைய போனில் வந்து நின்றது.

கூப்பிட்டவர் ஸ்ரீவில்லிபுத்தூர் லிங்கேஸ்வரன். பால்கோவா போடுகிறவர்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய. நாளையில இருந்து உங்க கேன்லயும் மீட்டர் போட்டுப் பாத்துத்தான் ஊத்தணும்."

"எதுக்கு?"

"உங்க வீட்டுப் பால் பன்னெண்டு டிகிரிதானாம். உங்க பேத்தியே பள்ளிக்கூடத்துல பாத்துச் சொல்லுச்சாம். சண்முகத்தாய் தங்கச்சி எங்கிட்டதான கோவா கிண்டுது, சொல்லாம இருப்பாளா?"

நல்ல பால் இருபத்தாறுக்குக் குறையாது. பன்னிரண்டு என்றால் பாதிக்கு மேல் தண்ணீர். லிங்கேஸ்வரன் வாசலுக்கு வரும் எல்லார் கேனிலும் பாலில் கலந்த தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டர் இறங்கும். சுப்புராஜின் கேன் மட்டும் பதினோரு வருடமாக நேரே சட்டிக்குப் போகும். அந்த ஒரு மரியாதைக்காகவே அவர் வேலையாளை அனுப்பாமல் தினமும் தானே பால் கொண்டு போனார்.

போனை வைத்தவருக்கு உட்கார முடியவில்லை. தொழுவத்துக்குப் போனார், வந்தார். சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார்.

"செத்த நேரம் உக்காருங்க மாமா, காப்பி ஆறுது" என்றாள் மருமகள் வேலுத்தாய்.

"மானம் போயிட்டிருக்கு, காப்பி என்ன காப்பி!"

பள்ளிக்கு அவர் போனபோது கனகலட்சுமி டீச்சர் மேசையில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தராசு, இஞ்சு டேப், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் என்று பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அளவுச் சாமான்கள் ஒரு பெட்டியில் கிடந்தன. நடுவில் அவர் வீட்டு லாக்டோமீட்டர், வேட்டித் துணி சுற்றி. பக்கத்தில் பேத்தி காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பால் தூக்கு.

"டீச்சரம்மா, எங்க பாலை அளக்கச் சொன்னது யாரு?"

"பாலை அளக்கலைங்க ஐயா. கோடு வாசிக்கப் பழக்குனேன்." டீச்சர் ஒரு நோட்டைப் பிரித்து அவர் முன் தள்ளினார். "எண்ணைச் சொல்றதுக்கு முன்னாடி, பாத்ததை வரையணும். எங்க வகுப்புல அதான் வழக்கம். நீங்களே பாருங்க."

சுப்புராஜ் கண்ணாடியை மாட்டினார். நோட்டில் பால் மட்டத்துக்கு மேலே நின்ற குழாய். உச்சியில் பூஜ்யம், கீழே பத்து, அதற்குக் கீழே இருபது, அப்புறம் சிறு கோடுகள். விரலை வைத்து எண்ணினார். எட்டாவது கோட்டில் பால்.

"இருபத்தெட்டு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இருபத்தெட்டுதான். இருபத்திரண்டு நோட்டுலயும் எட்டாவது கோடுதான். ஆனா காலையில தெர்மாமீட்டர் பாத்தோமா, அதுல கீழ போனா குறையும். இதுல கீழ போனா கூடும். முப்பது பாலுக்குள்ள மறைஞ்சு போச்சு. உங்க வீட்டுச் சாமானாச்சேன்னு யோகேஸ்வரியை முதல்ல வாசிக்கச் சொன்னேன். இருபதுல எட்டைக் கழிச்சுட்டா. அதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சிருச்சு. நாளைக்கு இதை வச்சே பாடம் எடுக்கலாம்னு நினைச்சேன்."

அவர் பார்த்த நோட்டின் அட்டையில் பேத்தியின் பெயர் இருந்தது. படம் ஒழுங்கு. அடியில் கொட்டை எழுத்தில் 12.

இதுவும் ஓர் அடிதான். "எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குல நூறுக்கு நூறு" என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. லிங்கேஸ்வரனிடம் மட்டும் நாலு தடவை சொல்லியிருப்பார்.

அவர் முகத்தைப் பார்த்ததும் டீச்சருக்குப் புரிந்தது. "நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு வேணா சொல்லிருங்க ஐயா. பிள்ளை பேரு எதுக்கு?"

சுப்புராஜ் நோட்டையும் லாக்டோமீட்டரையும் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலப் பால் கேனை வண்டியில் கட்டி, பின்னால் பேத்தியை உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டார். வழியில் இரண்டு இடத்தில் காரணமில்லாமல் வண்டியை நிறுத்தினார்.

"தாத்தா, என்னைய வையப் போறீயளா?"

"பேசாம வாட்டி."

அடுப்படியில் கோவா கிண்டிக்கொண்டிருந்த நாலு பேரும் துடுப்பை நிறுத்திப் பார்த்தார்கள். லிங்கேஸ்வரன் நோட்டைப் பார்த்தார், எண்ணினார், சிரித்தார்.

"அட, இருபத்தெட்டு! அப்போ அந்த டீச்சருக்குத்தான் மீட்டர் பாக்கத் தெரியல. அப்படித்தான அண்ணாச்சி?"

ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். பாலுக்கும் பழுதில்லை, பேத்திக்கும் பழுதில்லை. யோகேஸ்வரி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல" என்றார் சுப்புராஜ். "டீச்சர் சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்கு. தப்பா வாசிச்சது எங்க வீட்டுப் பிள்ளை."

துடுப்புகள் இன்னும் அசையவில்லை.

"சரி, விடுங்க அண்ணாச்சி. கேனைத் தூக்கிச் சட்டியில ஊத்துங்கலே!"

"பொறு." கேன் மூடியைத் திறந்தவர் சுப்புராஜ்தான். பதினோரு வருடமாக எந்த மீட்டரும் இறங்காத கேனுக்கு நேரே துணியைப் பிரித்து லாக்டோமீட்டரைப் பேத்தியிடம் நீட்டினார். "போடுட்டி. இப்போ வாசி."

குழாய் ஆடி நின்றது. யோகேஸ்வரி உதட்டுக்குள் எண்ணினாள்.

"இருபது... கீழ போனா கூடும்... இருபத்தேழு."

லிங்கேஸ்வரன் குனிந்து பார்த்தார். "இருபத்தேழேதான். கறந்த சூடு இன்னும் இருக்கு, ஆறினா ஒண்ணு ஏறும். நாளைக்குக் காலையில எப்பவும்போல நேரே சட்டிக்குக் கொண்டுவாங்க."

"காலையிலயும் மீட்டரைப் போட்டே எடுங்க" என்றார் சுப்புராஜ்.

மீட்டர் பார்க்கத் தெரியாமல் கனகலட்சுமி டீச்சர்தான் பாலைப் பன்னிரண்டு என்று சொன்னதாகக் கூமாப்பட்டி வரை இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. சொன்னது சுப்புராஜின் பேத்தி யோகேஸ்வரி. பால் இருபத்தெட்டு.