கைபடாத மோட்டார்

எண்பத்து மூன்றாவது சுற்றா, எண்பத்து நான்காவதா என்பது மறந்துபோனது. மோட்டார்க்காரர் சுற்றிய செம்புக் கம்பியை மறுபடி அவிழ்த்தார். மதியத்துக்குப் பிறகு இது மூன்றாவது முறை. இருபத்தாறு வருடமாக எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றுகிறவர். காதருகே லாரி ஹாரன் அடித்தாலும் எண்ணிக்கை தவறாதவர். தெருவில் அவர் பெயரை எல்லோரும் எப்போதோ மறந்து, மோட்டார்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கை ஒரு பக்கம் சுற்ற, மனசு வேறு பக்கம் சுற்றியது.

காலையில் நடந்ததுதான் காரணம். சின்ன மகளுக்கு எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். வாங்கிய மதிப்பெண்ணுக்கு இரண்டு கல்லூரிகள் எட்டும்போல இருந்தன. ஒன்று வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். இன்னொன்றுக்கு ஒரு ராத்திரியும் அரைப் பகலும் ரயிலில் போக வேண்டும். எது முதல் விருப்பம் என்பதை இன்று மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் பதிந்து பூட்டிவிட வேண்டும். பூட்டிவிட்டால் மாற்ற முடியாது. தூரத்துக் கல்லூரியைப் போன மாதமே அம்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பக்கத்துக் கல்லூரிக்கு இன்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். "எனக்கு மெஷினப் பத்தி என்னப்பா தெரியும்? லேப நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

கல்லூரி கண்ணாடியும் பளிங்குமாக இருந்தது. நகக்கண்ணில் ஏறிய வார்னிஷ் கறை தெரியாமலிருக்க, அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். லேபில் எட்டு மோட்டார்கள் பச்சைப் பெயின்டில் வரிசையாக நின்றன. சின்னவள் "அடேயப்பா" என்றாள். அவர் குனிந்தார். ஒயர் மாட்டுகிற திருகுகளின் பள்ளத்தில் பெயின்ட் அப்படியே இருந்தது. திருப்புளி ஒரு தடவைகூடப் படவில்லை. மூடியை விலக்கி உள்ளே பார்த்தார். கரித்துண்டு உரசி ஓடுகிற செம்பு வளையம், ஓடிய மெஷினில் சாக்லேட் நிறத்துக்குப் பழுத்திருக்கும். இங்கே கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்த சொம்பு மாதிரி மின்னியது.

"இதுல பசங்க என்னென்ன பண்ணுவாங்க சார்?" என்று லேப் உதவியாளரிடம் கேட்டார்.

"எதுக்கு சார் வம்பு? எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே காட்டிருவோம்" என்றார் உதவியாளர் பெருமையாக.

வெளியே வந்ததும் சின்னவள் கேட்டாள். "எப்படிப்பா இருக்கு?"

பெரியவள் கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போய் நான்கு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் பத்து நிமிடம் முகம் தெரியும். அதிலும் பாதி நேரம் படம் அசையாமல் நின்றுவிடும். அது ஏன் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்து தொலைத்தது என்று தெரியவில்லை.

"நல்லா இருக்கும்மா. எல்லாம் புத்தம் புதுசு."

"அந்தத் தூரத்துக் காலேஜ்ல எல்லாமே பழசுப்பா. ஒரு மோட்டாரப் பிரிச்சு மேஜை பூரா பரப்பி வெச்சிருந்தாங்க. ஒரே கருகின வாடை" என்று முகத்தைச் சுளித்தாள். அந்த வாடையிலேயே இருபத்தாறு வருடம் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர், பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மணி நாலேகால். நான்காவது முறை சுற்ற ஆரம்பித்தார், பத்தைக்கூடத் தாண்டவில்லை. போன் போட்டார், அவள் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எரியாத மோட்டாரை எரிந்துபோச்சு என்று எந்த வாடிக்கைக்காரரிடமும் அவர் இதுவரை சொன்னதில்லை. ஷட்டரைப் பாதி இழுத்தது இழுத்தபடி விட்டுவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் முன்னால் லேப்டாப் திறந்திருந்தது. பட்டியலில் முதல் வரி பக்கத்துக் கல்லூரி.

"பூட்டிட்டியா?"

"இன்னும் இல்லப்பா. ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"அந்த லேப் சரியில்லம்மா. அதுல ஒரு மெஷின்கூட ஓடினதே இல்ல. வாங்கி நிறுத்தி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

அவள் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "காலையில தெரியலையா?" என்றாள்.

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"இங்கயே இருப்பியேன்னு..."

மனைவி கையிலிருந்த சட்டையை மடிக்காமல் மடியில் போட்டாள். "என்ன மனுஷன்யா நீங்க?"

சின்னவள் போனில் எதையோ தேடி எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். தூரத்துக் கல்லூரி லேபில் எடுத்த படம். அவர் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கினார். "இதோ பாரு, செம்பு எப்படிப் பழுப்பேறிக் கிடக்கு. தினம் ஓட்டறாங்க. பிரிச்சுப் பரப்பியிருக்காங்கன்னா, உங்களையும் பிரிக்க விடுவாங்கம்மா."

"இப்ப சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்படிப்பா நம்பறது?"

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

"மணி நாலு அம்பது" என்றாள் மனைவி.

சின்னவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் மொண்டு குடிக்காமல் வைத்தார். மனைவி மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். ஐந்து மணிக்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. ஐந்தே காலுக்குத் திறந்தது.

"பூட்டிட்டேன்."

"எதம்மா?"

"தூரத்தத்தான்." செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க சொன்னீங்கன்னு இல்ல" என்றாள். போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். மோட்டார்க்காரர் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசியபடி தெருமுனை வரை நடந்தாள், திரும்பினாள். நடக்க நடக்கக் கையை வீசி என்னவோ சொன்னாள்; நடுவில் ஒரு முறை சிரித்த மாதிரிகூட இருந்தது. வீட்டை நெருங்கியபோது அவர் கதவின் கொக்கியை விலக்கினார். இரண்டு வீடு தள்ளி, நிறுத்தியிருந்த காரருகே வந்ததும் அவள் அப்படியே திரும்பி, மறுபடி முனையைப் பார்த்து வேகமாக நடந்தாள்.