பெரியப்பாவின் தெளிந்த புத்தி

எங்கள் பெரியப்பா ஓய்வு பெற்ற ஆபீஸ் சூப்பரிண்டெண்ட். அவர் திருத்தாமல் வீட்டில் எவரும் ஒரு வாக்கியத்தை முடித்ததில்லை. காலண்டரில் தேதி கிழித்தால்கூடக் கிழித்த விதம் சரியில்லை என்பார். முதுகுக்குப் பின்னால் அவரைச் ‘சட்டமேதை’ என்போம். ஒருநாள் அது காதில் விழுந்து, கேலி என்று புரியாமல் பூரித்துப்போனார்.

அந்த மேதைதான் குடியிருந்த வீட்டைப் பாதி விலைக்குத் தருவதாகப் பக்கத்து மரக்கடைக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று அவருக்குக் கடும் ஜுரம், ஜன்னி வேறு. மின்விசிறியை மைத்துனன் என்று நினைத்து, கீழே இறங்கடா என்று திட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா மாத்திரை வாங்கப் போன நேரம் பார்த்து, எழுதி எடுத்து வந்த ஒப்பந்தத்தோடு மரக்கடைக்காரர் கட்டிலருகே உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டார்.

வழக்கு வந்தது. எங்கள் வக்கீல் அசரவில்லை. புத்தி நிலையில் இல்லாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது, டாக்டரும் சாட்சிக்கு வருகிறார், கூண்டில் ஏறி ‘ஒன்றும் நினைவில்லை’ என்றால் போதும் என்றார். அது உண்மையும்கூட.

“புத்தி பேதலிச்சவன்னு ஊரறியச் சொல்லணுமா?” என்றார் பெரியப்பா.

“அன்னிக்கு ஒருநாள் மட்டும்தாங்க” என்றாள் பெரியம்மா.

கூண்டில் ஏறிய பெரியப்பா முதல் கேள்விக்கு ஒழுங்காகத்தான் நினைவில்லை என்றார். எதிர் வக்கீல் மிரட்டவில்லை, கும்பிட்டார். விலை குறைவென்று பின்னால் எக்காரணம் கொண்டும் ஆட்சேபிப்பதில்லை என்ற ஏழாவது ஷரத்தை, வீட்டுக்கே உலை வைத்த அந்த ஷரத்தை, நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“என் சர்வீஸ்ல இவ்வளவு கச்சிதமான வாசகம் பார்த்ததில்ல. இத எழுதினவர் பெரிய அறிவாளி. நிச்சயமா நீங்க இல்ல, ஐயா.”

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

“வேற யாரு எழுதமுடியும்? ஒவ்வொரு சொல்லும் நான் யோசிச்சுப் போட்டது” என்றார் பெரியப்பா, அன்றுவரை படித்தே பார்த்திராத அந்த ஷரத்தைப் பற்றி. அதோடு விட்டாரா? டாக்டருக்கு ஜுரத்தைப் பற்றி அரிச்சுவடியே தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பானது. கையெழுத்திட்டபோது இவர் தெளிந்த புத்தியோடுதான் இருந்தார் என்று நீதிபதி வாசித்தபோது, வீட்டைப் பறிகொடுத்தவரின் முகத்தில் பதவி உயர்வு கிடைத்த களை.

சாமான் ஏற்ற லாரி வந்தது. பீரோவுக்குக் கயிறு எப்படிப் போட வேண்டுமென்று பெரியப்பா சுமை தூக்குகிறவர்களுக்கு வகுப்பெடுத்தார். அவர்கள் கயிறும் கையுமாக விழித்தார்கள்.

“அவர் சொல்றபடி செய்யாதீங்கப்பா” என்றாள் பெரியம்மா. “அவருக்குப் புத்தி தெளிவா இருக்குன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு.”