கடைசிக் கடைவாய்ப் பல்

மாடி ஆய்வறையில் அவள் பல் குடைபவள். எப்போதோ இந்த ஊரில் பாதிப் பேரை வாரிக்கொண்டு போன கொள்ளைநோய் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை, அன்று புதைக்கப்பட்டவர்களின் பற்களில் தேடுகிறாள். அதே கிருமியை இன்றைய எலிகளிடம் தேடுகிறான் கீழ்த்தளத்தில் அவள் கணவன். கீழே கால் வைத்தவர்கள் அன்றைக்கு மாடி அறைக்குள் நுழையக் கூடாது. புதுக் கிருமி பழையதோடு கலந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து மதியச் சாப்பாடு ஆளுக்கொரு தளத்தில்தான்.

நோய் கப்பலில் வந்தது என்று முதலில் நிரூபித்தவளே அவள்தான். கைதட்டல் ஓய்வதற்குள், அந்தக் கப்பல் புறப்பட்ட அயல்நாட்டுத் துறைமுகக் கிடங்குகளில் எலி பிடிக்க அவனை இரண்டு வருடம் அனுப்புவதென்று முடிவாகிவிட்டது.

அவளுக்கு ஒரு நப்பாசை. கப்பல் வருவதற்கு முன்பே இறந்துபோன மலைக்கிராமத்து ஆட்களின் பற்கள் சில கிடைத்திருந்தன. ஒன்றிலாவது கிருமி இருந்தால் நோய் தரைவழியாக வந்தது என்றாகும். அவள் சொன்னது தப்பாகும். அவன் போக வேண்டியதில்லை.

அவன் கிளம்பும் நாளில் கடைசிப் பல்லின் முடிவு வந்தது. ஆய்வகத் தலைவி அவளுடைய நாத்தனார்தான். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று மைக்கில் பேசினார்.

"இதுலயும் ஒண்ணும் இல்லம்மா. இன்னும் பாக்கணும்னு எழுதிடவா? ஒரு மாசம் தள்ளிப்போடலாம். என் தம்பிதானே, எனக்கு மட்டும் ஆசையில்லையா?"

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"வேண்டாம் அண்ணி. பல்லெல்லாம் கெடாம நல்லாத்தான் இருக்கு. கிருமி இருந்திருந்தா அகப்பட்டிருக்கும். கப்பல்தான்."

பையோடு அவன் வந்து அக்கா கையிலிருந்த மைக்கை வாங்கினான்.

"என்ன பல் டாக்டர், என்னை நாடு கடத்தியாச்சா?"

"போய் எலிங்களோட குடும்பம் நடத்துங்க."

"அதுங்க உன்னை மாதிரி கடிக்காது."

"டேய், நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார் அக்கா.

"ஒரு நிமிஷம் வெளிய வாயேன்" என்றான், குரலை இறக்கி.

கரைசலில் அடுத்த ஆய்வுக்கான பற்கள் பாதி ஊறியிருந்தன. எலி அறையிலிருந்து வந்தவன் பக்கத்தில் போய் நின்றால் அன்றைக்குத் திரும்ப உள்ளே வர முடியாது; அத்தனையும் பாழ். நாத்தனாரும் காலையில் எலி அறைக்குப் போய் வந்தவர்; மாற்றிவிட ஆளில்லை. முடியாது என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அழறியா?"

"இல்லையே. மூச்சுக்காத்து, மூக்குக்கண்ணாடில படிஞ்சிருக்கு."

கையுறையால் முகத்தைத் தொடக் கூடாது. கண்ணாடியில் படிந்த ஆவி தானாக விலகட்டும் என்று நின்றாள். மங்கலாக ஓர் உருவம் குனிந்து பையைத் தூக்கியது. பார்வை தெளிந்தபோது தாழ்வாரத்தில் நாத்தனார் மட்டும், இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.