ஈசானிய மூலை

வாஸ்து விஷயத்தில் என் கணவர் சேனாபதியிடம் யாரும் பேசி ஜெயிக்க முடியாது. ஆலன் நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம் வடக்கே, லிண்டன்ஃபெல்ட் என்ற சின்ன ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினோம். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து கடல் தாண்டி வந்த குடியானவர்கள் உண்டாக்கிய ஊர். எங்கள் நிலத்தின் வடகிழக்கு மூலையில் நாலைந்து வெள்ளைக் கற்கள் கிடந்தன.

"ஈசானிய மூலைல வெயிட்டே இருக்கப்படாது கலா. அங்க தண்ணிதான் வரோணும்" என்று பிடித்த பிடியில் நின்றார். கற்கள் தென்மேற்குக்குப் போயின. நான் அவற்றைச் சுற்றி ரோஜா வைத்தேன். மூலையில் நீச்சல் குளம் வந்தது. கோடை முழுக்க எங்கள் பிரீத்தி அதிலேயே ஊறிக் கிடந்தாள்.

ஊர் வரலாற்றைத் திரட்ட நூலகத்தில் ஆள் கேட்டார்கள். நாலு பேர் பழக்கமாகட்டுமே என்று நானும் பெயர் கொடுத்தேன். வயதானவர்கள் பேசுவதை போனில் பதிவு செய்வது என் வேலை. முதியோர் இல்லத்தில் ஹில்டா க்ராஸ் என்ற அம்மாளைப் பார்க்கப் போனேன். எங்கள் நிலம் ஒரு காலத்தில் அவருடைய மாமனாருடையது என்று தெரிந்ததும் எனக்கு ஒரே குஷி. கோதுமை, மழையில்லாத வருடங்கள் என்று பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று கேட்டார்.

"வெள்ளைக் கற்கள் இருக்கின்றனவா?"

"இருக்கின்றன."

"அதில் ஒன்று என் மகளுடையது."

பிறந்த அன்றே போய்விட்டதாம். ஞானஸ்நானம் ஆகாத குழந்தை என்று சர்ச் கல்லறையில் இடம் இல்லை என்றார்களாம். மாமியாரின் குழந்தைகளும் அதே மூலையில்தானாம். "சாவதற்குள் ஒரு தடவை அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?"

வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

வீட்டில் சொன்னதும் சேனாபதிக்கு முகம் செத்துப்போனது. பிறகு மெல்ல, "ரோஜாகிட்டக் கூட்டிட்டுப் போயி, இங்கதான்னு சொல்லிப்போடு. வயசானவங்க, என்ன தெரியப்போகுது?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?"

படிக்கட்டில் பிரீத்தி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. "அம்மா, இஸ் தேர் எ பேபி இன் அவர் பூல்?"



ஞாயிற்றுக்கிழமை ஹில்டா சக்கர நாற்காலியில் வந்தார். ரோஜாப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக வடகிழக்கைக் காட்டி, தள்ளி வந்த பெண்ணிடம் "அங்கே" என்றார். குளத்தின் விளிம்பில் நாற்காலி நின்றது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சேனாபதி குற்றவாளி மாதிரி தலை குனிந்து நின்றார். தோண்டிய மண் லாரியில் போனதை மட்டும் சொல்லவில்லை.

ஹில்டா கத்தவில்லை, அழவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவளை ஜனவரியில் புதைத்தோம். கடுங்குளிர். ஒரு துணிதான் சுற்றிவிட்டேன். இத்தனை வருஷமும் அந்த நினைப்புதான்" என்றார். பிறகு என்னிடம், "இந்தத் தண்ணீர் குளிர்காலத்தில் சூடாக இருக்குமா?"

சேனாபதிதான் முன்னால் வந்தார். "ஹீட்டர் இருக்குதுங்க" என்று தமிழிலேயே சொல்லி, பிறகு இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார். ஹில்டா தலையாட்டினார்.

நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு முந்தைய வாரம் அவர் காலமானார்.

இப்போது ஜனவரி. குளத்தில் யாரும் இறங்குவதில்லை. பிரீத்தி ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. தண்ணீரிலிருந்து காலையில் ஆவி எழுந்தபடி இருக்கிறது. சேனாபதி எழுந்ததும் நேராக அங்கேதான் போகிறார். குனிந்து, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறார். பிரீத்தி கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டும் தண்ணீரை அப்படித்தான் பார்ப்பார்.