போமிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை

என் தம்பி கிதே அந்த மாத்திரையை முதன்முதலில் வாயில் போட்டது பாசத்தால்தான். பின்னால் நடந்ததற்கெல்லாம் அவனை நான் திட்டித் தீர்த்திருக்கிறேன், இன்னும் திட்டுவேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் யார் கேட்டாலும் மறைக்க மாட்டேன்.

மாத்திரை அவனுடைய பத்து வயது மகள் போமிக்கு எழுதிக்கொடுத்தது. போமிக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார வராது. ஆசிரியை பாதி வாக்கியம் சொல்வதற்குள் மீதியை இவள் சொல்லிவிடுவாள், அதுவும் தப்பாக. காலையில் இரண்டு கையுறையோடு போனவள் மாலையில் ஒன்றோடு வருவாள். பள்ளியிலிருந்து போன் மேல் போன் வந்தது. என் தம்பி மனைவி உன்சில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். மனநலப் பிரிவில் இருந்த டாக்டர் யோம் கவனக் குறைபாடு என்றார், தினம் காலையில் ஒரு கேப்சூல் என்றார்.

கிதே குதித்தான். அவனுக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. விண்ணப்பம் போடுகிறவர்களின் நோய் வரலாற்றைப் படித்து, இவர் வேண்டும், இவர் வேண்டாம் என்று தரம் பிரிக்கிற நாற்காலி. மனநல டாக்டரிடம் போனவர்களை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்பது சியோலில் அவனைவிட யாருக்குத் தெரியும்? பெண் பெயருக்கு நேராக அந்த எழுத்து விழுந்தால் ஆயுசுக்கும் அழியாது என்று என்னிடம் வந்து புலம்பினான். உன்சில் ஒரே பேச்சில் அடக்கிவிட்டாள். எழுத்து அழியாமல் இருக்கட்டும், என் பிள்ளை அழாமல் இருந்தால் போதும் என்றாள்.

அப்படியும் அவனுக்கு மனசு ஆறவில்லை. குழந்தைக்குக் கஞ்சி ஊட்டும் முன்னால் சூடு பார்க்க மாட்டோமா, அதுபோல முதலில் நாம் இருவரும் போட்டுப் பார்ப்போம் என்று உன்சிலிடம் சொன்னான். அவளும் சரி என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அவர்கள் அடுக்குமாடிக்குக் கீழேயே தொடுகறிக் கடை வைத்திருக்கிறேன். சோயாவில் வதக்கிய மீன் எடுத்துக்கொண்டு மேலே போனால், இருவரும் ஆளுக்கொரு தம்ளர் தண்ணீரோடு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜாவுக்கு விஷம் பார்க்கிற சமையல்காரர்களா என்று சிரித்தேன். அன்று நான் சிரித்திருக்க வேண்டாம்.

உன்சிலுக்குக் கொஞ்ச நேரத்திலேயே கை சில்லிட்டது. நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில் கேட்கிறது என்றாள். ஒரு பழைய பல் துலக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளைத் தேய்க்க ஆரம்பித்தவள், பொழுது சாயும் வரை நிறுத்தவில்லை. ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை. மாலையில் மருந்தின் வேகம் வடிந்ததும் சுவரில் சாய்ந்து அழுதாள்.

"இதையா அண்ணி என் புள்ளைக்குக் குடுக்கப்போறேன்?" என்றாள்.

கிதேவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதாவது, அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. எப்போதும் கால் ஆடிக்கொண்டிருக்கும், கையில் எதையாவது திருகிக்கொண்டிருப்பான், நாம் பேசும்போது கண் வேறெங்கோ போய்விடும். அன்று போமி ஒரு நத்தையைப் பற்றி நீட்டி முழக்கிக் கதை சொன்னாள். நடுவில் கதை மூன்று தடவை தடம் மாறியது. அவன் கடைசி வரை கேட்டான். அந்த நத்தைக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேள்வி வேறு கேட்டான். குழந்தை முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன்.

பிறகு பால்கனியில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, சத்தம் நின்னுடுச்சு."

"எந்தச் சத்தம்டா?"

"தலைக்குள்ள. அது உனக்கெல்லாம் இல்லையா? எல்லாருக்கும் இருக்கும்னுல்ல இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்."

எங்கள் அப்பா அவனைத் துடைப்பக் கட்டையால் அடித்த அடியெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. கூடத்து மூலையில் மண்டியிட்டுக் கையைத் தூக்கியபடி இருக்கவைப்பார். அந்த நிலையிலும் இவன் சுவரில் ஊரும் எறும்பை வேடிக்கை பார்ப்பான், அதற்குத் தனியாக அடி விழும். புத்தி கெட்டவன் என்பதுதான் வீட்டில் அவனுக்குப் பெயர். சுரை விதை போட்டால் அவரையா முளைக்கும்? மகளுக்கு இருப்பது அப்பனுக்கும் இருந்திருக்கிறது. நாற்பது வயது தாண்டி அவன் அதைத் தெரிந்துகொண்டு நிற்கிறான்.

நீயும் போய் டாக்டர் யோமைப் பார் என்றேன். என் பெயரிலும் அந்தப் பதிவு விழவா என்று கேட்டான். பிள்ளை பெயரில் விழலாம், உன் பெயரில் விழக்கூடாதா என்றேன். அவன் பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

உன்சில் டாக்டரிடம் போய்த் தான் பட்டதைச் சொன்னாள். அவர் நன்றாகத் திட்டி அனுப்பினார். கோளாறு இல்லாதவர் போட்டுக்கொண்டால் அப்படித்தான் செய்யும், உங்கள் உடம்பை வைத்து அவள் உடம்பை அளக்காதீர்கள் என்றார். அறிவுக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. என் கையால் அதைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். நான் கொடுக்கிறேன் என்று கிதே முன்வந்தான். தினமும் காலையில் வெந்நீரும் கேப்சூலுமாக மகள் முன்னால் நிற்பான். எதிர்த்தவனே எப்படி மாறிவிட்டான் பார் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் பெருமை பேசினேன்.

வசந்தம் முழுக்கப் போமிக்கு நல்ல காலம். கையுறை இரண்டும் வீடு வந்தன. கணக்குத் தாளை முடித்துவிட்டு எழுந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தோழி கிடைத்தாள். பக்கத்து இருக்கை சோல்ஜி, எங்கள் அடுத்த கட்டடத்துப் பெண். அதுவரை எந்தப் பிள்ளையும் போமியை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. இருவரும் என் கடைக்கு வந்து முட்டை ரோல் கேட்பார்கள், ஒரே துண்டைப் பிய்த்துத் தின்பார்கள்.

மழைக்காலத்தில் மறுபடி ஆரம்பித்தது. குடை தொலைந்தது, ஆசிரியையின் போன் வந்தது. டாக்டர், மாத்திரை தவறாமல் போகிறதா என்று கேட்டார். நானே என் கையால் கொடுக்கிறேன் என்றான் கிதே. அளவைக் கூட்டினார்கள். சரியாகவில்லை. இன்னும் கூட்டினார்கள்.

இலையுதிர்காலத்தில் சோல்ஜிக்குப் பிறந்தநாள். போமி ஒரு வாரம் உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்தாள். விருந்தில் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே, சோல்ஜி குனிவதற்குள், இவள் பாய்ந்து மெழுகுவத்தியை எல்லாம் ஊதி அணைத்துவிட்டாள். சோல்ஜி வீறிட்டு அழுதாள். திரும்ப ஏற்றினார்கள். இவள் திரும்ப ஊதினாள். அன்று சாயங்காலமே அம்மாக்களின் போன் அரட்டைக் குழுவில் பேச்சு ஓடியது. அடுத்த வாரம் சோல்ஜியின் இருக்கை மாறியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போமி என் கடைக்குத் தனியாக வந்தாள். முட்டை ரோலைத் தொடவில்லை.

"அத்தை, மாத்திரை எல்லாருக்கும் வேலை செய்யுதாம். எனக்கு மட்டும் செய்யல. அப்ப நான் நெஜமாவே கெட்ட பொண்ணுதானே?"

இல்லை கண்ணு என்று அணைத்துக்கொண்டேன். அவள் நம்பவில்லை. நம்புவதற்கு நான் என்ன காரணம் கொடுத்தேன்? அதற்கப்புறம் அவள் யாரோடும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். யாராவது நிமிர்ந்து பார்த்தாலே மன்னிப்புக் கேட்டாள்.

குளிர் தொடங்கியபோது கம்பெனிப் பயிற்சிக்காகக் கிதே ஜேஜூ தீவுக்குப் போனான். உன்சில் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவள். அதனால் போமியைப் பள்ளிக்கு அனுப்ப நான் போனேன். அவன் இல்லாத நாட்களுக்கான கேப்சூல்களை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துவைத்து, இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று போனிலும் சொல்லியிருந்தான். அன்றைக்கானதைப் போமி பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டாள். அது ஊறிப் பிசுபிசுத்துப் போனது. டப்பாவில் இருந்ததை எடுத்தால் மறுநாளைக்குக் குறையும் என்று, அலமாரியில் பிரிக்காமல் இருந்த புதுப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கொடுத்தேன்.

நண்பகலுக்குள் பள்ளியிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, உடம்பு நடுங்கி விழுந்துவிட்டாளாம். அவள் சாப்பிட்டதை எல்லாம் கொண்டுவாருங்கள் என்றார்கள். பொட்டலத்தையும் டப்பாவையும் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் யோமே வந்தார். படிப்படியாக ஏற்றிய அளவு இப்படிச் செய்யாதே, இது பழக்கமே இல்லாத உடம்பு மாதிரி இருக்கிறதே என்றார். பொட்டலத்திலிருந்து ஒரு கேப்சூலைத் திறந்து ஒரு தட்டில் கொட்டினார். கடுகைவிடச் சின்ன மணிகள் உருண்டன. டப்பாவில் இருந்ததைத் திறந்தார். சர்க்கரை.

உன்சிலும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வீட்டில் கேப்சூலைத் தொடுகிற கை ஒன்றுதான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அவன் அங்கே இருந்திருந்தால் எங்கள் அப்பாவாகவே மாறியிருப்பேன்.

மாலை விமானத்தில் வந்து சேர்ந்தான். வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். முதலில் மிச்சமானதைத்தான் எடுத்தானாம். விடுமுறை நாட்களில் குழந்தைக்குக் கொடுக்காமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சனி ஞாயிறு மாத்திரை மீந்தது. அதைப் போட்டுக்கொண்டு போன நாட்களில் மேசையில் ஒரு கோப்புகூடத் தேங்கவில்லை. மேலதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டினார். பிறகு மீந்தது போதவில்லை.

"அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப்போக முடியலக்கா" என்றான்.

எனக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

உன்சில் கத்தவில்லை. "எங்ககிட்ட சொன்னது போதும். உள்ள போய் அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

போமி நெஞ்சில் ஒயர்களோடு படுத்திருந்தாள். அவனைக் கண்டதும் அவளேதான் முந்திக்கொண்டாள். "அப்பா, மன்னிச்சிருங்க. நான் கேப்சூலைத் தண்ணில போட்டுட்டேன்."

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். "நீ முழுங்கினது மாத்திரையே இல்ல போமி. உள்ள சர்க்கரைதான் இருந்துச்சு. உன்னோடத அப்பா சாப்பிட்டேன்."

அவள் அழவில்லை. யோசித்தாள்.

"சோல்ஜி பிறந்தநாள் அன்னைக்கும் சர்க்கரைதானா?"

"அன்னைக்கும்."

"அப்ப, மாத்திரை போட்டும் நான் அப்படிச் செய்யலை. மாத்திரை இல்லாமத்தான் செஞ்சேன்."

"ஆமாம்மா."

அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். அத்தனை மாதத்தில் அவள் முகத்தில் வெளிச்சத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். "அப்பா, இதை சோல்ஜிகிட்ட சொல்லுங்க. அவங்க அம்மாகிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"சொல்றேன்" என்றான்.

அது நடந்து குளிர்காலம் முடிந்துவிட்டது. இப்போது மாத்திரை உன்சிலின் கையில். போமி ஒழுங்காக இருக்கிறாள். கிதே அதைத் தொடுவதில்லை, டாக்டரிடமும் போகவில்லை, கால் முன்னைவிட அதிகமாக ஆடுகிறது. வேலை முடிந்து வந்ததும் அடுத்த கட்டடத்தை நோக்கி நடப்பான். என் கடையிலிருந்து பார்த்தால் தெரியும். வாசல் வரை போவான், அங்கே நிற்பான், திரும்பி வந்துவிடுவான். மகள் மாத்திரையைத் தின்றவன் என்று ஒரு வீட்டில் சொன்னால் அந்தக் குழு முழுக்கத் தெரியும், குழு முழுக்கத் தெரிந்தால் கம்பெனிக்கும் தெரியும்.

பொறுக்க முடியாமல், நானே போய்ச் சொல்கிறேன் என்றேன் போமியிடம். "வேணாம் அத்தை. அப்பா சொல்றேன்னு சொல்லியிருக்காரு" என்றாள்.

ஆரம்பத்தில், அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து, சொல்லிட்டீங்களா என்று கேட்பாள். நாளைக்கு என்பான். இப்போதெல்லாம் அவன் வந்தால் ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கிறாள், பிறகு வீட்டுப்பாடத்தைத் தொடர்கிறாள்.