தெருவுக்கு ஒரு தொலைபேசி

நகராட்சி அலுவலகத்தின் மாடியில் தொடர்பு விவரப் பிரிவு என்று ஓர் அறை இருந்தது. ஊர்க்காரர்களின் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் அங்கேதான் இருந்தன. குழாய் வேலையோ குப்பை வண்டியோ, எது நேரம் மாறினாலும் அங்கிருந்துதான் குறுஞ்செய்தி போகும். அனுப்புகிறவள் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட ஓர் எழுத்தர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைப் 'பூட்டு' என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

அந்த ஒருத்திக்கு இவள் வைத்த பெயர் ரேடியோ. இருவரும் ஒன்றாக வேலையில் சேர்ந்த காலத்தில் தெருவுக்கு ஒரு தொலைபேசி இருந்தாலே பெரிய விஷயம். தையல்கடை, பல் டாக்டர் வீடு, டயர் கடை என்று தெருவுக்கு ஓர் எண்ணை அட்டைகளில் எழுதி ஒரு மரப்பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். தண்ணீர் நிற்கப்போகிறதென்றால் இருவரும் மாறி மாறி எண் சுழற்றுவார்கள். எடுத்தவர் தெருவுக்கே சொல்லிவிடுவார்.

பூட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். ரேடியோவுக்கு அது ஆகாது. மாமியாரின் முட்டிவலியிலிருந்து பையனின் பரீட்சை வரைக்கும் விசாரித்தாக வேண்டும். ஒருமுறை தையல்காரரின் மனைவியிடம் சட்டைக் கழுத்தைப் பற்றியே பேசித் தீர்த்துவிட்டு, தண்ணீரை மறந்துபோனாள். மறுநாள் காலையில் தெருவே காலி வாளிகளோடு அலுவலக வாசலில் நின்றது. மேலதிகாரி காய்ச்சி எடுத்தார். அறைக்குத் திரும்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுதான் தாமதம், இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு ரேடியோவின் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவள் ராஜினாமா செய்துவிட்டுப் போனாள். சண்டையில்லை, மனஸ்தாபமில்லை. அவள் பேசட்டும் என்று இவளும், இவள் பேசட்டும் என்று அவளும் இருந்துவிட்டார்கள். அப்படியே எண்கள் மாறிப்போயின.

"ஊர்க்காரங்க நம்பர் பூரா உன் கையில இருக்கு. ஒருவேளை அவ இங்கேயே திரும்பி வந்திருந்தா? ஒரு தட்டு தட்டிப் பாரேன்," என்று பூட்டின் கணவர் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"அதெப்படிங்க? தண்ணி வரலைன்னு சொல்றதுக்காக நம்மகிட்ட கொடுத்த நம்பர். என் ஆசைக்கு எடுத்துப் பார்க்கவா?" என்று இவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். ஆசை இல்லாமலில்லை. ஆளில்லாத மதியங்களில் தேடும் கட்டத்தில் பெயரின் முதலெழுத்தை அடித்து, உடனே அழித்திருக்கிறாள்.

அந்த வருடம் இரட்டைப் பதிவுகளைச் சரிசெய்யும் வேலை வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருந்தால் கூப்பிட்டுக் கேட்டு ஒன்றை நீக்க வேண்டும். வரிசையாக வந்துகொண்டிருந்த பெயர்களுக்கு நடுவே ரேடியோவின் நிஜப் பெயர், கணவர் பெயரோடு வந்து நின்றது. இவள் எழுந்துபோய்ப் பிரிவு அதிகாரியிடம் சொன்னாள்.

"சார், இவங்க எனக்குத் தெரிஞ்சவங்க. வேற யாராவது பேசட்டும்."

"தெரிஞ்சவங்கன்னா கேள்வி மாறிடுமாக்கா? நீங்களா தேடிப் போகலையே, வரிசையில வந்ததுதானே. பேசுங்க."

முதல் எண்ணில் ஓர் ஆண் குரல் சீறியது. "அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்க! நாளைக்குத் தண்ணி வராதுன்னு செய்தி வருது, நான் விழுந்து விழுந்து பிடிச்சு வைக்கிறேன். எங்க தெருவுல மட்டும் ஜோரா வருது!"

மன்னிப்புக் கேட்டு அதை நீக்கினாள். இரண்டாவது எண்ணைப் போட்டாள்.

"வணக்கம். நகராட்சியிலிருந்து பேசறோம். உங்க விவரம் சரியா இருக்கான்னு பார்க்கணும்."

மறுமுனையில் ஒரு குரல் மெதுவாக, "பூட்டு?"

இவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "பிறந்த தேதி சொல்லுங்கம்மா."

"அடிப்பாவி! உனக்குத் தெரியாதா?"

"பேசறது பதிவாகுதுடி. சொல்லித் தொலை."

"ஆகட்டுமே. கேட்கிறவனுக்கும் பொழுது போகும்." தேதியைச் சொன்னாள். முகவரியையும் சொன்னாள். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். திரும்பி வந்து அஞ்சாறு வருஷம் ஆகிறதாம். இங்கே வேலையிலிருந்து இவள் எப்போதோ நின்றிருப்பாள் என்று நினைத்தாளாம்.

"அப்போ அந்தச் செய்தியெல்லாம் நீ அனுப்பினதா?"

"நான்தான்."

"நினைச்சேன்டி. ஒரு வார்த்தை கூடுதலா இருக்காது. யாரு இவ, நம்ம பூட்டு மாதிரியே இருக்காளேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லியிருக்கேன். அவரும் போயிட்டார்."

இவளுக்குக் கடைசிக் கேள்விதான் மிச்சமிருந்தது. "தொடர்ந்து செய்தி அனுப்பலாமா?"

"வேணாம்மா, எடுத்துடு. ஞாயித்துக்கிழமை மகன்கூட அவன் ஊருக்கே போறேன். வீட்டைக் காலி பண்ணியாச்சு."

நீக்கவா என்று திரை கேட்டது. அழுத்தினாள். இத்தனை வருடம் எங்கே என்று ஏங்கிய பெயர் கண்ணெதிரே மறைந்தது.

"எடுத்துட்டேன். இனிமே உன் நம்பர் எங்ககிட்ட இல்லை."

"அப்போ உன்னோடதைச் சொல்லுடி, மக்கு!"

ஊரார் எண்ணை வாங்கியே பழகிய வாய். சொந்த எண்ணைச் சொல்லும்போது தடுமாறியது. பிரிவு அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ரேடியோவின் வீட்டுக்குப் போனாள். கட்டில் கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். டயர் கடைக்காரர் 'ஹலோ' சொல்வதற்குள் இருமி முடிப்பது, ரிசீவர் சூடேறிக் காது சிவப்பது, பெட்டியின் அட்டைகளில் வீசிய பசை வாசம். ஒருத்தி மறந்ததை மற்றவள் எடுத்துக்கொடுத்தாள். ரேடியோவின் மகன் வாசலில் வந்து நின்று, "அம்மா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை ஆன்ட்டி," என்றான்.

"அஞ்சாறு வருஷமா ஒரே ஊர்லதான் இருந்திருக்கோம்," என்றாள் இவள், பாதிப் பேச்சில்.

ரேடியோ அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போய்விட்டாள். புதன்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு நாய் தன்னைப் பார்த்தாலே குரைக்கிறதாம். வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதனிடம் தினமும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

"கேக்குதா அது?"

"எங்கே? நடுவுல எழுந்து போயிடுது."

இவள் அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.